சிப்பாயின் ஓப்பனிங் பேலன்ஸ்

பி.காம். படித்தவனுக்கு மூளையைப் பற்றி எழுத என்ன யோக்யதை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வார விஷயத்தின் நட்டநடுவில் ஒரு கணக்குப்பிள்ளைக் கேள்வி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்காவின் பெரிய டாக்டர்களுக்கே அதற்கு விடை கிடைக்க ஏழு வருஷம் ஆயிற்று. அந்த தைரியத்தில் உள்ளே நுழைகிறேன்.

விஷயம், யுத்தத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவர்கள். உடம்பில் ஒரு கீறல் இருக்காது. ஆனால் ராத்திரி தூங்க மாட்டார்கள். எங்கேயோ பட்டாசு வெடித்தால் இங்கே தரையில் குப்புறப் படுப்பார்கள். பெண்டாட்டி பிள்ளையோடு பேச்சு நின்றுபோய், மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு நாள் பூரா உட்கார்ந்திருப்பார்கள். இவர்களைப் பற்றி ஊர் என்ன சொல்லும்?

"நல்லாத்தானே இருக்கான்? எல்லாம் மனசுதான் சார்!"

"எல்லாம் மனசுதான்" என்பதற்குத் தமிழில் "நடிக்கிறான்" என்று அர்த்தம். இந்த ஒரு வார்த்தைக்காக உயிரையே விட்ட ஆட்கள் உண்டு.

*

ஹாரி ஃபார் என்று ஒரு பிரிட்டிஷ் சிப்பாய். முதல் உலகப் போர், பிரான்ஸ், பதுங்குகுழி. 1915-ல் குண்டு வெடித்து வெடித்து ஆள் நடுங்கிப்போய் ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கை நடுக்கத்தில் பேனா பிடிக்க முடியவில்லை. மனைவிக்குக் கடிதம்கூட நர்ஸ்தான் எழுதினார். அப்புறம் தேறிவிட்டார் என்று மறுபடி போர்முனைக்கே அனுப்பிவிட்டார்கள். 1916 செப்டம்பரில், சோம் யுத்தம் உச்சத்தில் இருந்தபோது, முன்வரிசைக்குப் போக மறுத்துவிட்டார்.

கோழைத்தனம் என்று கேஸ். அவருக்காக வாதாட ஒருத்தரும் இல்லை. விசாரணை இருபது நிமிஷத்தில் முடிந்ததாகச் சொல்கிறார்கள். நம்ம ஆபீஸ்களில் ஒரு கேஷுவல் லீவ் சாங்ஷன் ஆக அதைவிட நேரம் ஆகும். அக்டோபரில் ஒரு நாள் விடியற்காலையில் அவரை நிற்க வைத்துச் சுட்டுவிட்டார்கள். சுட்டவர்களும் அதே பக்கத்து ராணுவம்தான். வயது 25. ஊரில் மனைவிக்குப் பென்ஷன் நின்றது. கோழையின் பெண்டாட்டிக்கு சர்க்கார் எதற்குப் படியளக்க வேண்டும்?

இப்படிக் கோழை என்றும், ஓடிப்போனவன் என்றும் முத்திரை குத்தப்பட்டு அந்தப் போரில் சுடப்பட்டவர்களில் 306 பேருக்கு 2006-ல் பிரிட்டன் மன்னிப்பு வழங்கியது. ஃபாரின் மகள் கெர்ட்டி ஹாரிஸ் அதைப் பார்க்க உயிரோடு இருந்தார். அப்போது அவருக்கு வயது 93. அப்பா பெயரில் இருந்த ஒரு தப்பான என்ட்ரியைத் திருத்த 90 வருஷம்!

*

இந்த நோய்க்கு வைத்த பெயர்களை வரிசையாகப் பார்த்தால் நமக்கே தலை சுற்றும். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1871-ல் டாகோஸ்டா என்ற டாக்டர், இது இதயக் கோளாறு என்று எழுதினார். நெஞ்சு படபடக்கிறதே, அதனால் வியாதி நெஞ்சில்தான் என்று கணக்கு. 1915-ல் சார்லஸ் மையர்ஸ் என்பவர் "ஷெல் ஷாக்" என்ற பெயரை டாக்டர்களின் பத்திரிகையான லான்ஸெட்டில் ஏற்றினார். குண்டு வெடித்த அதிர்வு மூளையையே உலுக்கிவிட்டது என்பது அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த யோசனை. அப்புறம் பார்த்தால், குண்டு பக்கத்திலேயே விழாதவர்களும் நடுங்கினார்கள். "அப்போ மனசுதான்" என்று ஆயிற்று.

மனசுதான் என்று ஆனதும் அடிக்கக் கை நீளுமே, நீண்டது. 1943 ஆகஸ்டில் சிசிலியில் அமெரிக்க ஜெனரல் பேட்டன் ஆஸ்பத்திரிக்குப் போய், காயமே இல்லாமல் படுத்திருந்த ஒரு சிப்பாயை அறைந்தார். ஒரு வாரம் கழித்து இன்னொரு ஆஸ்பத்திரி, இன்னொரு சிப்பாய். முதலில் அறை வாங்கியவருக்கு மலேரியா இருந்தது பிறகு தெரிந்தது. ஐசன்ஹோவர் கண்டித்து, மன்னிப்புக் கேட்க வைத்தார்.

வியட்நாம் போரில் கதை இன்னும் ஜோர். அமெரிக்க மனநல டாக்டர்களின் அதிகாரபூர்வமான நோய்ப் பட்டியலில் 1952-ல் இதற்கு ஒரு தனிப் பெயர் இருந்தது. 1968-ல் பட்டியலைத் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள். 1968 என்றால் வியட்நாமில் போர் முழு வேகத்தில் நடந்துகொண்டிருந்த வருஷம். மழை கொட்டுகிறபோது குடைக் கடையை மூடின மாதிரி. கடைசியில் 1980-ல்தான் இப்போதைய பெயர் வந்தது: போஸ்ட் ட்ராமாட்டிக் ஸ்ட்ரெஸ் டிஸார்டர், சுருக்கமாக பி.டி.எஸ்.டி. பெயர் வந்த பிறகு அமெரிக்க சர்க்கார் எண்ணிப் பார்த்தது. வியட்நாம் போன ஆண்களில் சுமார் 30 சதவிகிதம் பேருக்கு வாழ்க்கையில் எப்போதாவது இது வந்திருக்கிறது. போர் முடிந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் 15 சதவிகிதம் பேர் அதிலேயே இருந்தார்கள்.

*

சரி, மண்டைக்குள் என்னதான் நடக்கிறது? ஒரு ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் ஒரு வாட்ச்மேன். பெயர் அமிக்டலா. பாதாம் பருப்பு சைஸ். சத்தம் கேட்டால் விசில் ஊதுவது மட்டும்தான் வேலை. யோசிக்கிற வேலை அவருக்குக் கிடையாது.

உள்ளே ஒரு ரெக்கார்டு கிளார்க். பெயர் ஹிப்போகாம்பஸ். கிரேக்க மொழியில் கடல்குதிரை. பார்க்க அந்த மாதிரி வளைந்திருக்கும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. நடந்த சமாசாரத்துக்கு "எங்கே, எப்போது" என்று சீல் குத்தி ஃபைலில் வைப்பது இவர் பொறுப்பு.

நெற்றிக்குப் பின்னால் ஏ.சி. ரூமில் மானேஜர். ப்ரீஃப்ரண்டல் கார்டெக்ஸ். வாட்ச்மேன் விசில் ஊதினால் கிளார்க்கைக் கேட்டுவிட்டு, "ஒண்ணுமில்லைப்பா, லாரி டயர் வெடிச்சிருக்கு, உட்காரு" என்று சொல்கிறவர் இவர்தான்.

போர்முனையில் இந்த ஆபீஸுக்கு மாசக்கணக்கில் ஓவர்டைம். அங்கே ஒவ்வொரு சத்தமும் நிஜ ஆபத்து. சட்டென்று குப்புற விழுகிறவன் பிழைக்கிறான், மானேஜரைக் கேட்டுவிட்டு விழலாம் என்று நிற்கிறவன் போய்ச்சேருகிறான். அதாவது அங்கே அது நோயே இல்லை, அதுதான் உத்தியோகம். சிக்கல் என்னவென்றால், ஊருக்குத் திரும்பிய பிறகும் வாட்ச்மேனுக்கு ரிலீவிங் ஆர்டர் வரவில்லை. மானேஜர் குரல் கீழே எட்டவில்லை. கிளார்க்கோ அந்தக் களேபரத்தில் பல காகிதங்களைத் தேதி சீல் இல்லாமல் சொருகிவிட்டார். அதனால் 1968-ம் வருஷத்துக் காகிதம் இன்றைய தபாலில் வந்து விழுகிறது. நமக்கு அது பழைய ஞாபகம். அவருக்கு இப்போது, இந்த நிமிஷம் நடக்கிற சங்கதி.

வாட்ச்மேனின் மகிமைக்கு ஓர் அத்தாட்சி உண்டு. வியட்நாமில் தலையில் அடிபட்டு, மூளையில் காயத்தோடு பிழைத்த வீரர்களைப் பல வருஷம் கழித்துப் பரிசோதித்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். அமிக்டலா அடிபட்டிருந்தவர்களில் ஒருத்தருக்குக்கூட பி.டி.எஸ்.டி. இல்லை! உடனே அமிக்டலாவைக் கழற்றிவிடலாமா என்று கேட்காதீர்கள். வாட்ச்மேனே இல்லாமல் அண்ணாசாலையைக் குறுக்கே கடப்பது எப்படி?

இதோடு கூடவே வருகிற இன்னொரு ஆசாமி டிப்ரஷன். பி.டி.எஸ்.டி. உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதுவும் இருக்கிறது. முன்னதில் எல்லாமே பயமுறுத்தும். பின்னதில் எதுவுமே பிடிக்காது. சாப்பாடு, சினிமா, குழந்தையின் சிரிப்பு, எதுவும். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் ராத்திரியெல்லாம் விசில், பகலெல்லாம் சூன்யம். இரண்டிலுமே டாக்டர்களின் கண் அதே கடல்குதிரை கிளார்க் மேல்தான் விழுந்தது.

*

1995. அமெரிக்காவில் டக்ளஸ் ப்ரெம்னர் என்ற டாக்டரும் அவருடைய குழுவும் பி.டி.எஸ்.டி. உள்ள 26 வியட்நாம் வீரர்களையும், அது இல்லாத 22 பேரையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். நோய் உள்ளவர்களின் வலது ஹிப்போகாம்பஸ் சராசரியாக 8 சதவிகிதம் சின்னதாக இருந்தது.

யோசித்துப் பாருங்கள். எண்பது வருஷமாக "நடிக்கிறான்" என்று அறைந்தும் சுட்டும் கொண்டிருந்த இடத்தில், இதோ பார் என்று காட்ட ஒரு படம். மனசு மனசு என்றீர்களே, இது சதையாக்கும்! காரணம் சொல்லவும் ஒரு தியரி தயாராக இருந்தது. பயத்தில் சுரக்கிற கார்ட்டிசால் என்ற ஹார்மோன், அளவுக்கு மிஞ்சினால் ஹிப்போகாம்பஸ் செல்களைச் சிதைக்கும் என்று மிருகங்களில் பார்த்திருந்தார்கள். யுத்தம் வந்தது, கார்ட்டிசால் பொங்கியது, கிளார்க் இளைத்துப்போனார். கதை கச்சிதம்.

கொஞ்சம் அதிகப்படியான கச்சிதம். அதே வியட்நாம் வீரர்களில் பி.டி.எஸ்.டி. உள்ளவர்களைச் சோதித்த சில ஆராய்ச்சிகளில் கார்ட்டிசால் கூடுதலாக இல்லை, குறைவாகவே இருந்தது. இங்கேதான் நம்ம கணக்குப்பிள்ளைக் கேள்வி வருகிறது. எந்த ஆடிட்டரிடம் இந்த 8 சதவிகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினாலும், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து இப்படித்தான் கேட்பார்:

"ஏன்யா, வருஷக் கடைசியிலே கையிருப்பு குறைச்சல்ங்கறே. சரி. வருஷ ஆரம்பத்திலே எவ்வளவு இருந்துதுன்னு சொல்லவேயில்லையே. ஓப்பனிங் பேலன்ஸ் எங்கே?"

அதுதான் விஷயம். அந்த வீரர்களைப் போருக்குப் போகும் முன் யாரும் ஸ்கேன் எடுக்கவில்லை. யுத்தம் போய் ஹிப்போகாம்பஸ் சின்னதாயிற்றா? அல்லது பிறக்கும்போதே சின்னதாக இருந்தவர்களுக்கு யுத்தம் அதிகமாகத் தாக்கிற்றா? கடைசி பக்கத்தை மட்டும் பார்த்து எந்த ஆடிட்டரும் பதில் சொல்ல முடியாது.

*

முதல் பக்கம் கிடைத்துவிட்டது. கிடைத்த விதம்தான் அழகு: இரட்டையர்கள்!

வியட்நாம் காலத்தில் அமெரிக்க ராணுவத்தில் சேவை செய்த இரட்டைச் சகோதரர்களுக்கென்றே ஒரு பதிவேடு இருக்கிறது. சுமார் 7,000 ஜோடிகள். அச்சு அசலான இரட்டையர் என்றால் இருவருக்கும் ஒரே ஜீன், ஒரே அம்மா, ஒரே சாப்பாடு. ஒருத்தர் போர்முனைக்குப் போனார், மற்றவர் அங்கே போகவில்லை. போகாதவர்தான் போனவருடைய ஓப்பனிங் பேலன்ஸ்!

2002-ல் மார்க் கில்பர்ட்ஸனும் அவருடைய சகாக்களும் இப்படிப்பட்ட ஜோடிகளை ஸ்கேன் எடுத்தார்கள். கடுமையான பி.டி.எஸ்.டி. வந்த வீரரின் ஹிப்போகாம்பஸ் சின்னதாக இருந்தது. அது தெரிந்த கதை. ஆனால் போர்முனையைக் கண்ணாலும் பார்க்காத அவருடைய சகோதரரின் ஹிப்போகாம்பஸும் அதே மாதிரி சின்னது! அதாவது அந்தக் குறைவில் பெரும்பங்கு, சண்டைக்கு முன்னாலேயே புத்தகத்தில் இருந்த ஓப்பனிங் பேலன்ஸ்.

இதைக் கேட்டதும் பேட்டன் பரம்பரை துள்ளிக் குதிக்கும். "பார்த்தியா, பார்த்தியா! பிறவியிலேயே பலவீனம். யுத்தத்தின் மேலே பழி போடாதே. பென்ஷனைக் கட் பண்ணு!"

அவசரப்படாதீர்கள். அதே பதிவேட்டில் இன்னொரு பக்கம் இருக்கிறது. 1990-ல் 715 ஜோடி அச்சு இரட்டையர்களைக் கணக்கெடுத்தார்கள். வியட்நாம் பக்கம் போனவர்களில் 16.8 சதவிகிதம் பேருக்கு பி.டி.எஸ்.டி. போகாத சகோதரர்களில் 5 சதவிகிதம். கடுமையான சண்டையில் சிக்கினவர்களுக்கு, போகாத சகோதரரைவிட ஒன்பது மடங்கு ஆபத்து. ஒரே ஜீன், ஒரே மூளை, ஒரே அம்மா. வித்தியாசம் ஒன்றே ஒன்று. ஒருத்தருக்கு வந்த உத்தரவில் எழுதியிருந்த ஊர்.

அதாவது சின்ன ஹிப்போகாம்பஸ் உள்ள சகோதரர் அங்கே போகவில்லை. பெரும்பாலும் நன்றாகவே இருந்தார். பிறவியில் வந்த எதையும் அவர் நோய் என்று தெரிந்துகொள்ளவே வேண்டியிருக்கவில்லை. போனவருக்கு மட்டும்தான் அது நோயாயிற்று. முதல் குறைவாக இருந்த கடையில் தீப்பிடித்தால், "முதல் குறைச்சல்தானே, அதனால் தீ பிடிக்கவில்லை" என்று எந்தக் கணக்குப் புத்தகம் சொல்லும்? இங்கிலீஷ் சட்டத்திலேயே இதற்கு ஒரு விதி உண்டு. முட்டை ஓடு மாதிரி மெல்லிய மண்டை உள்ளவனை நீ இடித்துத் தள்ளினால், "மண்டை கெட்டியாக இருக்கும் என்று நினைத்தேன்" என்று தப்பிக்க முடியாது. ஆள் எப்படி இருந்தானோ அப்படியேதான் முழு நஷ்டத்துக்கும் நீ பொறுப்பு. தெருவில் சைக்கிள் இடித்தவனுக்கு இருக்கும் இந்த விதி, ஆளை லாரியில் ஏற்றி யுத்தத்துக்கு அனுப்பிய சர்க்காருக்கு இல்லாமல் போகுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாமே ஓப்பனிங் பேலன்ஸ் இல்லை. 2008-ல் அதே இரட்டையர் முறையில் மூளையின் முன்பக்கம், மானேஜர் ரூமை ஒட்டி உள்ள சிங்குலேட் என்ற பகுதியைப் பார்த்தார்கள். அங்கே வீரருக்குக் குறைந்திருந்தது, சகோதரருக்குக் குறையவில்லை. அது நடப்பு வருஷ நஷ்டம். அப்புறம் 2016-ல், வெடிகுண்டு அதிர்வில் சிக்கிய வீரர்கள் இறந்த பிறகு அவர்களுடைய மூளையை மைக்ராஸ்கோப்பில் பார்த்த டேனியல் பெர்ல் குழு, சாதாரண ஸ்கேனில் தெரியாத விசேஷத் தழும்புகளைக் கண்டது. 1915-ல் மையர்ஸ் வைத்த "ஷெல் ஷாக்" என்ற பெயரில், குண்டுதான் உலுக்கியது என்ற பாதி, சிலர் விஷயத்திலாவது நிஜம்தான் என்று ஆயிற்று. நூறு வருஷம் லேட்.

*

"சரி சார், படம் எல்லாம் இருக்கட்டும். மருந்து உண்டா?"

உண்டு. முதலில் ஒரு எச்சரிக்கை. இந்தக் குறைவுகள் எல்லாம் கூட்டத்தின் சராசரி. 2018-ல் 1,868 பேரின் ஸ்கேன்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததிலும் ஹிப்போகாம்பஸ் சின்னதுதான், ஆனால் வித்தியாசம் கொஞ்சம். ஒரு தனி ஆளை ஸ்கேன் எடுத்து "உனக்கு இருக்கு, உனக்கு இல்லை" என்று சொல்ல முடியாது. யாராவது சொன்னால் பர்ஸைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

பேச்சு வைத்தியத்தில் எட்னா ஃபோவா என்ற அமெரிக்கப் பேராசிரியை வகுத்த முறை ரொம்பப் பிரசித்தம். பத்திரமான இடத்தில், பழகிய டாக்டர் முன்னால், அந்த ஒரு நாளை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை சொல்ல வேண்டும். மறுபடி சொல்ல வேண்டும். மறுபடியும். நம்ம ஆபீஸ் பாஷையில், சீல் இல்லாத காகிதத்தை எடுத்து, தேதி குத்தி, ஃபைலில் வைக்கிற வேலை. முடிந்தால் ஞாபகம் போகாது, ஆனால் பழசாகிவிடும். பழசாகிற ஞாபகம்தான் நமக்கெல்லாம் சாதாரணமாகக் கிடைக்கிற வரப்பிரசாதம். மாத்திரையும் உண்டு. டிப்ரஷனுக்குக் கொடுக்கிற செர்ட்ராலின் என்ற மருந்தை 1999-ல் அமெரிக்காவில் பி.டி.எஸ்.டி.க்கும் அனுமதித்தார்கள். இரண்டு நோயும் உறவுக்காரர்கள் என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

கணக்கு பார்க்கிறவர்களுக்காகக் கடைசியாக ஒரு ஆராய்ச்சி. இது சிப்பாய்களைப் பற்றியது இல்லை. டிப்ரஷன் வந்த 38 அமெரிக்கப் பெண்களைப் பற்றியது. 2003-ல் ஈவெட் ஷெலின் என்ற டாக்டர் அவர்கள் நோயில் கிடந்த நாட்களை எண்ணினார். வைத்தியம் இல்லாமல் கழிந்த நாட்கள் எவ்வளவு அதிகமோ, ஹிப்போகாம்பஸ் அவ்வளவு சின்னது. மருந்து எடுத்துக்கொண்டு கழிந்த நாட்களுக்கு அந்தச் சம்பந்தம் தெரியவில்லை. எது காரணம், எது விளைவு என்று இந்த ஒன்றை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் கட்டாத கடனுக்குத்தான் வட்டி ஏறும் என்பது எந்த கிளார்க்குக்கும் தெரியும். "தானாச் சரியாயிடும்" என்று தள்ளிப்போடுகிற நாட்கள் இலவசம் இல்லை.

நம்ம நாட்டில் இதற்காக டெலி மானஸ் என்று மத்திய சர்க்காரின் டெலிபோன் உதவி 2022 முதல் நடக்கிறது. நம்பர் 14416. ராத்திரி பகல் எப்போதும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், காசு கிடையாது. சிப்பாயாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

நம்மூர் பாங்க் வாசல்களில், ஏ.டி.எம். வாசல்களில், காக்கியோ நீலமோ போட்டுக்கொண்டு விறைப்பாக ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர்களில் நிறையப் பேர் முன்னாள் ராணுவம். நாம் செக்கைப் போட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமலே வந்துவிடுகிறோம். என்றைக்காவது ரோட்டில் டயர் வெடித்து, அவர் ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்தால், க்யூவில் நிற்கிறவர்களோடு சேர்ந்து சிரித்துவிடாதீர்கள். "ஒண்ணுமில்லைண்ணே, லாரி டயரு" என்று சொல்லுங்கள். உள்ளே இருக்கிற மானேஜரின் குரல் கேட்காத நேரத்தில், வெளியிலிருந்தாவது யாராவது ஒருத்தர் சொல்லட்டும்.